தாழ்ந்து தொங்கும் டார்ட்ஸ் பலகை

— வேண்டாம் டெஸ்மண்ட், கையைப் பிடிக்காதே. கைத்தடி இருக்குல்ல. பக்கத்து வீட்டுக்கு வர எனக்குத் துணை எதுக்கு?

— சரி கிளெண்டா, சரி. தலையை மட்டும் பார்த்துக்கோ, ஒரு வயர் தொங்குது. என்ன சொல்ல வர்றேன்னா, வேலை இன்னும் முழுசா முடியல.

— அட கடவுளே! இதுவா உன் கராஜ்? அந்தப் பழைய கார் எங்க?

— தெருவுல. நம்ம ஓல்டம் ஊர் மழையில அதுபாட்டுக்குக் குளிச்சுக்கிட்டு நிக்குது. இனிமே இது விளையாட்டு அறை.

— ஆயுசு பூரா பஸ் ஓட்டினவன் நீ. ஒரு ஆணி நேரா அடிக்க வராது. யாரு சொல்லிக் குடுத்தா?

— வீடியோதான். அதுல ஒரு பையன் சிரிச்சுக்கிட்டே எல்லாத்தையும் ஒட்டிடறான். நான் குளிருக்காகச் சுவருக்குள்ள கண்ணாடிப் பஞ்சை வெறுங்கையால திணிச்சேன். அப்புறம் உடம்பெல்லாம் சொறிஞ்சுக்கிட்டுத் தொட்டித் தண்ணியிலயே கிடந்தேன்.

— நல்லா வேணும்! கேட்டுக்கோ, நான் இதைப் பார்க்க வரல. ஒரு விஷயம் சொல்லணும்.

— வீட்டை விக்கறே.

— உனக்கு யாரு சொன்னா?

— ஒரு ஆள் வந்து உன் வாசலைப் போட்டோ எடுத்தான். சும்மாவா எடுப்பான்?

— அவ்வளவு தூரத்துல, பிளிமத்துல, என் மகன் எனக்குக் கீழ ஒரு அறை ஒழிச்சு வச்சிருக்கான். காலையில வேலைக்குப் போனா இருட்டினப்புறம்தான் வருவான். ஜன்னலைத் திறந்தா எதிர்ல கார் நிறுத்தற இடம். ஆனா அறை நல்ல அறைதான்.

— ஓ. டீ போடட்டுமா?

— பேச்சை மாத்தாதே. இந்தத் தரை ஏன் இப்படி வழவழன்னு சமமா இருக்கு?

— கராஜ் தரையை வாசல் பக்கம் சரிச்சுத்தான் போடுவாங்களாம், தண்ணி வெளிய ஓட. எனக்கென்ன தெரியும்? பில்லியர்ட்ஸ் மேசையைக் கொண்டுவந்து வச்சேன். பந்தெல்லாம் உன்னை மாதிரியே வாசலைப் பார்த்துக் கிளம்பிடுச்சு. அதான் மொத்தத் தரையையும் நிரப்பிச் சமமாக்கிட்டேன்.

— மேசைக் காலுக்கு ரெண்டு கட்டை முட்டுக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்குமே, மண்டு! கதவு ஏன் இவ்வளவு அகலம்? குதிரை ஏதும் வருதா?

— அளவு தப்பிப்போச்சு.

— வாசப்படி?

— மறந்துட்டேன். சிமெண்டை அப்படியே சரிச்சு விட்டுட்டேன்.

— டெஸ்மண்ட், அந்த டார்ட்ஸ் பலகை! அம்பு எறிய நிக்கற எனக்கே நெஞ்சுக்கு நேரா இருக்கு. நடுப்புள்ளி அஞ்சடி எட்டங்குலத்துல இருக்கணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவே. பப் லீக்குல எனக்கு ஜோடியா ஆடினவன்தானே நீ?

— கை தவறிடுச்சு.

— கை தவறி ஒரு அடிக்கு மேலயா இறங்கும்? சின்னப் பசங்க ஆடவா? உனக்கும் டோராவுக்கும் பிள்ளையே கிடையாது. அவ போனப்புறம் இந்த வீட்டுக்கு என்னைத் தவிர யாரு வர்றா?

— யாரும் வர்றதில்ல.

— நான் அப்படிச் சொல்ல வரல...

— பரவாயில்ல, உண்மைதான். செவ்வாய்க்கிழமை பப்புக்கு வர்றதை நிறுத்தினே. ஏன்னு கேட்டேன். ஆட்டம் அலுத்துப்போச்சுன்னே. நான் நம்பல.

— நம்பாட்டி போ.

— பப் படிக்கட்டுல என் தோளைப் பிடிச்சியே, அன்னிக்கே தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி நீ யாரையும் பிடிச்சதில்ல. இப்பல்லாம் உன் மாடி விளக்கு எரியறதே இல்ல. கீழயே படுத்துக்கறே.

— எட்டி எட்டிப் பார்க்கறியா?

— என் சமையலறை ஜன்னல்ல உன் வீட்டைத் தவிர வேற என்ன தெரியுது? நீ வராத ஒரு செவ்வாய் நான் மட்டும் போனேன். எனக்கு ஜோடியா வேற யாரையோ நிறுத்தினாங்க. கோட்டைக்கூடக் கழட்டாம திரும்பிட்டேன். மறுநாள் பூரா யாரோடயும் ஒரு வார்த்தை பேசல. சாயங்காலம் பூனைக்குப் பால் ஊத்தறப்போ கூப்பிட்டேன், குரலே வரல. பயந்துட்டேன் கிளெண்டா. நீ போயிட்டா எனக்குத் தினமும் அப்படித்தான்.

— அடப் பாவி மனுஷா. வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? பலகைக் கதையைச் சொல்லு முதல்ல.

— நாலரை அடி. உக்காந்துக்கிட்டு எறியறவங்களுக்கு அந்த உயரம்தான் கணக்கு. விசாரிச்சுத்தான் மாட்டினேன்.

— உக்காந்துக்கிட்டா!

— கோவமா?

— அகலக் கதவு, படியில்லாத வாசல், சமமான தரை. எதுவுமே தப்பு இல்ல, அப்படித்தானே?

— பஞ்சு மட்டும்தான் தப்பு. என்ன சொல்ல வர்றேன்னா... இப்ப இல்ல, எப்பவாவது, ஒரு நாள் நீ உக்கார வேண்டி வந்தா...

— அந்த நாள் போன வாரமே வந்தாச்சு. சக்கர நாற்காலி என் கூடத்துல உறைகூடப் பிரிக்காம நிக்குது, ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாதுன்னு மேல ஒரு போர்வை வேற. போய்த் தள்ளிக்கிட்டு வா டெஸ்மண்ட், அப்புறம் அறை வேண்டாம்னு மகனுக்குப் போன் போடறேன். பலகையை இன்னும் கொஞ்சம் இறக்கணுமான்னு உக்காந்து பார்த்தாத்தானே தெரியும்.