வயலில் வெடித்த குழாய்

“தம்பி வயல்ல வெடிச்ச எண்ணெய்க் குழாய்க்குள்ள நம்ம காசும் ஓடியிருக்குங்க.”

திருவாரூர் பேருந்தில் என் முன்னிருக்கையில் இருந்த பெண் கணவரிடம் இப்படிச் சொன்னாள். அவர்களுடைய மியூச்சுவல் ஃபண்ட் அந்த எண்ணெய்க் கம்பெனியிலும் முதலீடு செய்திருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“மெதுவா பேசு. ஃபண்டுக்காரன் எதுல போடுவான்னு நான் கண்டேனா?”

“இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல. எடுத்துடுங்க.”

“எடுத்துட்டு? பாப்பா காலேஜுக்கு என்ன பண்றது? பேங்க்ல போட்டா வளரவே வளராது.”

“கதிர் வர்ற நேரத்துல அவன் பயிரு கருகிக் கிடக்கு. இந்தக் காச வச்சுக்கிட்டு துக்கம் கேக்கப் போறோம்.”

“குழாய் வேணாம்னு போட்ட போராட்டப் பந்தல்ல நான் போய் உட்காரலையா?”

“உட்கார்ந்தீங்க. ஃபேன் இல்லைன்னு பாதியில எழுந்து வந்தீங்க.”

என் ஓய்வுப் பணமும் ஃபண்டில்தான் இருக்கிறது. அது எங்கெங்கே போகிறது என்று நான் விசாரித்ததில்லை. விசாரித்தால் எடுக்க வேண்டியிருக்கும் என்ற பயம்தான்.

நிறுத்தத்தில் அவள் தம்பி காத்திருந்தான். படியிலேயே பையை வாங்கிக்கொண்டான்.

“வாங்க அத்தான். நஷ்டஈடு வந்துருச்சு. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்க போட்டிருக்கிற இடத்துலேயே இதையும் போட்டுக் குடுங்க.”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

“விடுக்கா,” என்றான் அவன். “பயிருதானே. அதுக்குப் போயி அழுவுற.”