கெண்ட்ரா காலி செய்த இடம்

வாழைப்பழப் புட்டிங்கை முந்தின நாளே செய்து குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். பிஸ்கட் நன்றாக ஊறினால்தான் அதற்கு ருசி. அன்றைக்கே செய்து அன்றைக்கே பரிமாறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். எங்கள் சர்ச் விருந்துகளில் யார் என்ன கொண்டுவந்தாலும் என் பாத்திரம்தான் முதலில் காலியாகும். கெண்ட்ராவுக்கும் அது ரொம்பப் பிடிக்கும். நீங்கள் அதைப் பற்றித்தான் கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும். வரிசையாகவே சொல்கிறேன்.

நீங்களும் கென்டக்கி மலைக்காரர்தான், தெரியாததில்லை. சுரங்கங்கள் மூடிய பிறகு இந்தப் பக்கத்தில் மாதச் சம்பளத்தை நம்பி வாழ்கிறவர்கள் வாத்தியாரும் நர்ஸும்தான். முதியோர் இல்லத்தில் நான் உதவியாளராகச் சேர்ந்தபோது என் தலையில் ஒரு நரை கிடையாது. மலம் அள்ளினேன், புண் துடைத்தேன், செத்தவர்களின் கண்களை மூடினேன். பிறகு பயிற்சி எடுத்து மாத்திரை வண்டி தள்ளும் வேலைக்கு வந்தேன். நேற்று படிப்பு முடித்த சின்னப் பெண்கள் நர்ஸ் என்று வந்து, எனக்கு ஊசியின் நுனியைக் காட்டி விளக்கம் சொல்வார்கள். நான் தலையாட்டுவேன். என்னிடம் இல்லாதது ஒரு காகிதம் மட்டும்தான்.

அந்தக் காகிதம் கம்யூனிட்டி காலேஜில் கிடைக்கும். ஆனால் நர்ஸிங் பிரிவில் இடம் கொஞ்சம், விண்ணப்பம் மலை மாதிரி. நுழைவுத் தேர்வு, உடற்கூறு, வேதியியல் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு மேலிருந்து எடுப்பார்கள். இரண்டு தடவை எனக்குக் கிடைக்கவில்லை. சிறு வயதில் வேதியியலில் வாங்கிய மதிப்பெண் என்னை விடாமல் பின்னால் இழுத்தது. அந்தப் பாடத்தை மறுபடி உட்கார்ந்து படித்து எழுதினேன். அந்த வருடம்தான் கெண்ட்ரா ஃப்யூகேட்டும் என்னோடு சேர்ந்து படித்தாள்.

கெண்ட்ரா எங்கள் இல்லத்தில் சமையலறையில் இருந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரு பெண் குழந்தை, பெயர் மேடி. கெண்ட்ரா முன்பு போதை மாத்திரைகளில் விழுந்து கிடந்தவள், அதை யாரிடமும் மறைத்ததில்லை. நாலு வருடமாக எதையும் தொடவில்லை. தலைவலிக்குக்கூட ஈரத்துணிதான் கட்டுவாள். அவளுக்கு எலும்புகளின் பெயரையெல்லாம் சொல்லிக்கொடுத்தது நான். ஓய்வறையில் கோழிக்கால் சாப்பிட்டுக்கொண்டே அந்த எலும்பை வைத்து நடத்தினேன்.

"வெர்லீன், நீ மட்டும் பள்ளிக்கூடத்துல எனக்கு டீச்சரா இருந்திருந்தா நான் உருப்பட்டிருப்பேன்," என்பாள்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு கண்ணு, படி," என்பேன்.

அவளுக்குப் பிடித்துக்கொண்டது. என்னைவிட வேகமாகவே பிடித்துக்கொண்டது.

வசந்தத்தில் முடிவு வந்தது. கெண்ட்ராவுக்கு இடம் கிடைத்தது. எனக்குக் காத்திருப்போரில் முதல் இடம். சேர்க்கையைப் பார்த்துக்கொள்ளும் திருமதி பௌலிங் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஆறுதல் சொன்னாள். "மனசை விட்டுடாதீங்க வெர்லீன். வழக்கமா யாராவது ஒருத்தர் விலகிடுவாங்க. விலகினா அந்த நிமிஷமே உங்களைத்தான் கூப்பிடுவேன்."

நான் காத்திருந்தேன். ஒருத்தரும் விலகவில்லை. சோளம் ஆளுயரம் வளர்ந்தது, ஆகஸ்ட் வந்தது, யாருக்கும் கல்யாணம் நடக்கவில்லை, யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை. கெண்ட்ரா கருநீலச் சீருடை வாங்கி ஓய்வறைக்கே போட்டுக்கொண்டு வந்து சுற்றிக் காட்டினாள். "எப்படி இருக்கேன்? நிஜ நர்ஸ் மாதிரியா, இல்ல ஹாலோவீன் வேஷம் மாதிரியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தோளில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது, அதைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டேன்.

வகுப்பு தொடங்குமுன் சேரப்போகிறவர்கள் எல்லோரும் சிறுநீர்ப் பரிசோதனை கொடுக்க வேண்டும். போதை மருந்து தெரிந்தால் இடம் போய்விடும். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம். அதைத்தான் நான் யோசித்தேன். அவளுக்கு அடுத்த வருடம் இருக்கிறது. எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது, இன்னும் ஒரு வருடம் மாத்திரை வண்டி தள்ள முடியாது. சின்னவள் ஒரு வருடம் பொறுக்கலாம், மூத்தவள் முதலில் போகலாம். இதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதற்கு வேண்டிய மாத்திரை எங்கள் இல்லத்தில் இருந்த டெல்பர்ட் நோபிள் என்பவருடையது. பழைய சுரங்கக்காரர், இடுப்பெலும்பில் புற்றுநோய். போதை கலந்த வலி மாத்திரையை அவருக்குக் கொடுக்க வேண்டியது நான்தான். இரண்டு மாலை அவருக்கு அதற்குப் பதிலாகச் சத்து மாத்திரை கொடுத்தேன். "ஏம்மா, இன்னைக்கு என்னமோ வேலை செய்யலையே," என்றார். "கொஞ்சம் பொறுங்க, பிடிக்க நேரமாகும்," என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை நேரம் முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன். வேறு யார் அப்படி உட்காருவார்கள் என்று இல்லத்தில் விசாரித்துப் பாருங்கள்.

மறுநாள் கெண்ட்ராவுக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் புட்டிங் கொண்டுபோனேன், சேர்க்கை கிடைத்ததற்குக் கொண்டாட்டம் என்று. மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டாள். அடுத்த நாள் காலையில் அவளுக்குப் பரிசோதனை.

திருமதி பௌலிங் நல்ல மனுஷி. பரிசோதனையில் போதை மருந்து தெரிந்ததைக் கெண்ட்ராவிடம் சொல்லும்போது அழுதுவிட்டாளாம். மருத்துவர் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். கெண்ட்ராவிடம் ஏது சீட்டு? அன்று சாயங்காலம் கெண்ட்ரா நேராக என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. சோபாவில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எதையும் தொடல, வெர்லீன்."

"நான் நம்பறேன் கண்ணு."

"அப்புறம் எப்படி வந்துச்சு? தூக்கத்துல எழுந்து போய் எடுத்துட்டேனா? எனக்கே தெரியாம?"

நான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன். "அந்த நோய் அப்படித்தான்னு சொல்றாங்க. நமக்கே தெரியாமக்கூட வருமாம்."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதுவரை கல்லூரியின் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அந்தக் கோபம் அவளுக்கு நல்லதில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவள் போன பிறகு அவளுடைய அம்மா வில்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். மேடி கொஞ்ச நாள் பாட்டி வீட்டிலேயே இருந்தால் நல்லது, கெண்ட்ரா தேறி வரட்டும் என்றேன். வில்மா எனக்கு நன்றி சொன்னாள். "நீ ஒருத்தியாவது அவளுக்கு இருக்கியே," என்றாள்.

என் தொலைபேசி அந்த வாரமே அடித்தது. இடம் காலியாகிவிட்டது, வருகிறீர்களா என்று திருமதி பௌலிங் கேட்டாள். வருகிறேன் என்றேன். காரில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில். அந்தச் சந்தோஷத்தில் எந்தக் கலப்படமும் இல்லை. உண்மையைச் சொல்ல வந்தவள் அதையும் சொல்ல வேண்டும்.

இதோடு நின்றிருக்கும். கெண்ட்ரா நிற்கவிடவில்லை.

அவள் தன்னைத்தானே சந்தேகப்படுவதை நிறுத்திக்கொண்டாள். போதையிலிருந்து மீண்டவர்கள் கூடும் கூட்டத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், முடியை வைத்துச் சோதித்தால் பழக்கமாக எடுக்கிறவர் யார், ஒரே ஒரு தடவை உள்ளே போனது யாருக்கு என்று ஓரளவு தெரிந்துவிடும் என்று. அவள் திருமதி பௌலிங்கைப் போய்ப் பார்த்தாள். சேர்க்கைக் குழு கூடி அவள் பக்கத்தை மறுபடி கேட்கிறோம் என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். கெண்ட்ரா என்னிடம் வந்து உற்சாகமாகச் சொன்னாள்.

"அந்த வாரம் என்னென்ன சாப்பிட்டேன்னு உட்கார்ந்து யோசிச்சேன். வீட்டுச் சாப்பாடு, வேலை இடத்துச் சாப்பாடு, உன் புட்டிங். அவ்வளவுதான்." பிறகு சிரித்தாள். "பேசாம உன்னைப் பிடிச்சு உள்ள போடச் சொல்லிடட்டுமா?"

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. அது வெறும் கேலி. ஆனால் குழுவில் உட்காருகிறவர்கள் கேலியாக எடுத்துக்கொள்வார்கள் என்று என்ன நிச்சயம்? அந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அப்போது எனக்கு வகுப்பு ஆரம்பித்துவிட்டது. இரத்த அழுத்தம் பார்க்கும் தேர்வில் முதல் ஆளாகத் தேறியிருந்தேன். ஆசிரியை என்னை முன்னால் நிறுத்தி மற்றவர்களுக்குக் காட்டச் சொன்னார்.

குழு கூடுவதற்கு முந்தின நாள் கோழிக் குழம்பில் மாவுருண்டை போட்டுச் செய்து எடுத்துக்கொண்டு அவள் டிரெய்லர் வீட்டுக்குப் போனேன். எதிர்வீட்டு வெர்னன், மழை தொடங்குமுன் வந்த என் கார் மழை விட்ட பிறகுதான் கிளம்பியது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரி.

சாப்பாட்டைத் தவிர அன்றைக்கு நான் எதையும் கொண்டுபோகவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். என்ன நடந்தது என்று பிறகு வில்மா சொல்லித்தான் தெரியும். மேடிக்கு அன்று பிறந்தநாள். கெண்ட்ரா குழந்தையைக் கூட்டிவரப் போயிருக்கிறாள். வில்மா கதவைத் திறக்கவில்லை. நான் சொன்னதைத்தான் கதவுக்கு உள்ளேயிருந்து திருப்பிச் சொல்லியிருக்கிறாள், முதல்ல நீ தேறி வா என்று. வரும் வழியில் கெண்ட்ரா, முன்பு அவளுக்கு மாத்திரை விற்ற பழைய ஆள் யாரையோ பார்த்திருக்கிறாள்.

நான் உள்ளே போனபோது அவள் சமையலறைத் தரையில் அலமாரியில் சாய்ந்து கிடந்தாள். மேசையில் மூடி திறக்காத கேக் பெட்டி. உதடு நீலம் பாரித்திருந்தது. நான் பதறவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், தலைக்கடியில் ஒரு தலையணை வைத்தேன், வாயைத் துடைத்தேன். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடிதான். மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது ரொம்ப நேரம் கழித்து வந்தது.

போதை மிஞ்சி மூச்சு நிற்கிறவர்களை எழுப்ப மூக்கில் அடிக்கும் மருந்து என் கைப்பையில் இருந்தது. நம் ஊரில் யார் பையில்தான் இல்லை? அதை எடுத்தேன். உறையைப் பிரிக்காமல் முழங்காலில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் தகரக் கூரையில் மழை பிடித்தது.

நாளைக்குக் குழு என்று நினைத்தேன். இப்படி எழுந்தால் யார் அவள் பேச்சை நம்புவார்கள் என்றும் நினைத்தேன். எழுந்தால் அவளுக்கு எவ்வளவு அவமானம். கல்லூரி போய்விட்டது, குழந்தையும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. எனக்கு அவள் மேல் அவ்வளவு இரக்கமாக இருந்தது. அவள் தலைமுடியைக் கோதிவிட்டேன். நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். "வெர்லீன், நீ வந்துட்ட," என்றாள். நிம்மதியாகத்தான் சொன்னாள்.

"வந்துட்டேன் கண்ணு," என்றேன்.

மருந்தைப் பைக்குள் திரும்ப வைத்தேன். மழை விட்டதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்த பையன்கள், செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருக்கிறீர்கள் அம்மா என்று என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். சவ அடக்கத்தில் வில்மா என்னைப் பேசச் சொன்னாள். பேசினேன். கெண்ட்ராவின் கருநீலச் சீருடைகளை வில்மா எனக்கே கொடுத்துவிட்டாள், வீணாக எதற்கு என்று. இடுப்பில் கொஞ்சம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. இப்போது நான் போட்டிருப்பது அதில் ஒன்று.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆம். புட்டிங்கில் போட்டது நான். டெல்பர்ட் நோபிளை வலியில் விட்டது நான். மருந்தை அடித்திருந்தால் கெண்ட்ரா எழுந்து உட்கார்ந்திருப்பாள், எனக்குத் தெரியும், அடிக்கவில்லை. இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதைக் கொஞ்சம் சீக்கிரம் முடிக்க முடியுமா? திங்கட்கிழமை எனக்கு மருத்துவமனையில் பயிற்சி இருக்கிறது. போன வாரம் அங்கே ஒரு கிழவி போகும் நிலையில் இருந்தாள். கடைசிவரை நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, சாகிறவர் பக்கத்தில் இவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருக்கும் மாணவியை நான் பார்த்ததே இல்லை என்றார். அது படித்து வருவதில்லை சார், அதற்கு ஒரு மனசு வேண்டும்.