கறுத்துப்போன ஏழு கற்கள்

உங்கள் அறையில் மின்விசிறி ஒப்புக்குச் சுற்றுகிறது. காற்று வருவதாக நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். முதலில் அதைச் சரி செய்யச் சொல்லுங்கள். நான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் மோதிரத்தில் இருப்பது மாணிக்கம் அல்ல, கண்ணாடி. வருத்தப்படாதீர்கள். அரச வம்சத்தில் பிறந்தவர்களுக்கே வித்தியாசம் தெரிவதில்லை. எங்கள் பட்டறைக்கு நகை கொண்டுவரும் அரண்மனை அம்மா, மாலையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், ஏதோ தெரிந்தவர் மாதிரி. பின்பக்கம் முழுக்கப் பொன்னால் மூடிய நகையில் எந்த வெளிச்சம் ஊடுருவும்? குழியில் அரக்கை நிரப்பி, மேலே மெல்லிய வெள்ளித் தகடு வைத்து, அதன்மேல் கல்லை அமர்த்தி, சுற்றிலும் தாள் போன்ற தங்க ரேக்கை அழுத்தி மூடுகிறோம். கல் மின்னுவதே அந்தத் தகட்டால்தான். அதில் துளி ஈரம் பட்டால் போதும், இரண்டு மாதத்தில் கறுத்துவிடும். கல் செத்துவிடும்.

இருபத்தாறு வருடமாக நானும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து இந்த வேலையைத்தான் செய்தோம். அவன் மாடு மாதிரி உழைப்பான். பொறுமை உண்டு, மூளை கிடையாது. அப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு அரண்மனை அம்மா என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "அடுத்து ஒரு கிரீடம் வருது. அதை உங்க தம்பி தனியா பண்ணட்டும். நீங்க ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட். அந்த வார்த்தை இன்னும் காதிலேயே இருக்கிறது.

அப்போது எங்கள் கையில் இருந்தது அவர்களுடைய பரம்பரை மாலை. வலப்பாதி எனக்கு, இடப்பாதி அவனுக்கு. அவன் சாப்பிடப் போன நேரத்தில், விரலை நாக்கில் தொட்டு, அவன் வைத்துவிட்டுப் போன மூன்று தகடுகளிலும் அழுத்தினேன். அவன் திரும்பி வருவதற்குள் எச்சில் காய்ந்திருந்தது. அவனே கற்களை அமர்த்தி, அவனே மூடினான்.

இரண்டு மாதத்தில் மாலை திரும்பி வந்தது. மூன்று கற்கள் கறுத்திருக்க வேண்டும். ஏழு கறுத்திருந்தன. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் நான்கு. நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி அந்த அம்மாவிடம், "ஏழும் என் தப்புதாம்மா, சரி பண்ணித் தரேன்" என்று சொல்லிவிட்டான்.

அவர் போனதும் ஏழு கற்களையும் பெயர்த்தான். மூன்று தகடுகளில் என் விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. சண்டை போட்டிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"இந்த மூணும் நீங்க வேணும்னே பண்ணதுண்ணா. பரவால்ல, விடுங்க. மத்த நாலும் உங்க கை வேர்வை. அஞ்சு வருஷமாவே அப்படித்தான். நீங்க வீட்டுக்குப் போனப்புறம் உங்க கல்லையெல்லாம் எடுத்துட்டு நான் மறுபடி பதிச்சிட்டிருக்கேன். இந்த நாலு எப்படியோ விட்டுப்போச்சு."

திட்டியிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பான். பாவம் பார்த்தான்.

மறுநாள் காலை அவன் மனைவி ஃபிளாஸ்கில் கொடுத்தனுப்பிய டீயை நானே இரண்டு டம்ளரில் ஊற்றினேன். முலாம் பூசும் சயனைடு மருந்தை அவன் டம்ளரில் கலந்தேன். "கசக்குதுண்ணா" என்றான். முழுவதையும் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். இருபத்தாறு வருடத்தில் அவன் குடித்த டம்ளரை நான் கழுவியது அன்று மட்டும்தான்.

நீங்களோ அவன் மனைவியைப் பிடித்து லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள். கேட்டதும் சிரிப்பு வந்தது. அந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. என் வேலை இன்னொருவர் பெயரில் போவது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் வந்தேன். மனசாட்சி அது இது என்று எழுதிவைக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பி சொன்னது பொய். என் கை ஒருநாளும் வேர்த்ததில்லை.

கை பட்ட இடத்தில் கையெழுத்து மறுபடியும் கலைந்துவிட்டது. இன்னொரு தாள் கொடுங்கள். விசிறியைச் சரி செய்யச் சொன்னேன் அல்லவா.