பால் பாட்டிலில் வந்த மாதிரி

1991 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, காலை ஒன்பதேகால். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் செல்லும் பேருந்து. எனக்கு முன்னிருக்கையில் ஆய்வகத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள்.

“ஒரே மூத்திரத்த இருபது தபா ஓட்டிட்டேன்டி.”

நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

“மெதுவா பேசு. புது மெஷின் இன்னா சொல்லுது?”

“இருபது தபாவும் ஒரே அளவுதான். பழைய மெஷினும் அதையேதான் சொல்லுது. அந்தக் கொழந்தைக்கு அமினோ அமிலம் எல்லாமே எக்கச்சக்கம். நாளைலேர்ந்து பால நிறுத்தப்போறாரு டாக்டர்.”

“அய்யோ பாவம்.”

“அப்புறந்தான் கொழந்தையோட அம்மா சொன்னாங்க, மூத்திரத்தப் பால் பாட்டில்ல புடிச்சாங்களாம். வூட்ல இருக்கறதுலயே சுத்தமானது அதுதானாம்.”

“அடிப்பாவி. அப்போ மெஷின் ரெண்டும் பாலையும் சேத்து அளந்துகினு இருக்குது.”

“அதான் வல்லக்கோட்டைல எறங்கி, அவங்க வூட்டுக்குப் போயி, புது பாட்டில்ல மறுபடி மூத்திரம் வாங்கியாரப் போறேன்.”

“நம்ம சாரு லீவு எப்டி குடுத்தாரு?”

“புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன்.”

“உனக்கு ஏதுடி புள்ள?”

“இன்னிக்கு ஒண்ணு கீது.”

வல்லக்கோட்டையில் அவள் இறங்கிக்கொண்டாள்.

நான் இன்னும் செய்யாதவை:
மறைந்த என் மனைவியின் கடைசிப் பரிசோதனை முடிவை ஆய்வகத்திலிருந்து வாங்குவது.
அதைப் பிரித்துப் படிப்பது.
சோதித்தவர் யாரென்று கேட்டு, அவருக்கு நன்றி சொல்வது.