பாரைக்கு ஏற்ற வீடு

நாய்க்கு வீடு தேடும்போது பொய் சொல்லக் கூடாது, மகள். கலியாணம் பேசும்போது சொல்லலாம், மனிதர்கள் சமாளித்துக்கொள்வார்கள். நாய் சமாளிக்காது. பேசாலையில் கருவாடு காயப்போடும் வாடியில் வளர்ந்த நாயொன்றை ஒருமுறை உயிலங்குளத்து வயற்காரர் ஒருவருக்குக் கொடுத்தேன். அங்கே ஒரு நாள் முழுக்கக் காற்றை மோந்து பார்த்துவிட்டு, மறுநாள் அது பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டது. கொண்டக்டர் டிக்கட் கேட்டபோது என் பெயரைச் சொன்னதாம். நம்பாவிட்டால் விடுங்கள். அன்றிலிருந்து நாயைப் பார்த்துத்தான் வீடு கொடுத்தேன்.

சண்டைக் காலத்தில் சனம் இடம்பெயர்ந்து போக, நாய்கள்தான் ஊரைப் பார்த்துக்கொண்டன. தாழ்வுபாட்டுக் கரையில் இருந்த என் பழைய வாடிக்குள் அவற்றைச் சேர்த்துச் சோறு போட்டேன். தென்னந்தோட்டக் காவலுக்கு ஒன்று வேண்டுமென்று ஜுனைதீன் நானா கேட்டபோது, குரைப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாததைக் கொடுத்தேன்.

"அருளப்பர், இது தேங்காய் விழுந்தாலும் குரைக்குது" என்று முறைப்பாட்டோடு வந்தார்.

"காவல்காரனும் கணக்கப்பிள்ளையும் ஒரே சம்பளத்தில கிடைச்சிருக்கு, நானா. பேசாமக் கொண்டு போங்கோ" என்றேன்.

அம்மா ஏன் கனடாவுக்கு உங்களிடம் வரவில்லை என்று நேற்றுச் சேமக்காலையில் அவருடைய குழிக்கு மண் போடும்போது கேட்டீர்கள். அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இப்போது வந்தேன். நீங்கள் அந்தக் கதிரையில் இருங்கள், றோஸ்மேரி. நான் நின்றுகொண்டே சொல்கிறேன்.

உங்கள் தம்பி அல்போன்ஸ் வள்ளத்தில் ஏறினால் அவனுடைய நாய் பாரையும் ஏறிவிடும். காற்று மாறிய ஒரு நாள் வள்ளம் திரும்பவில்லை. இந்தியக் கரையில் ஒதுங்கியிருப்பான் என்றார்கள் சிலர். அடுத்த கிழமை, ஆள் நடமாட்டமில்லாத கரைப்பக்கம் போனபோது பாரையின் குரல் கேட்டது. அல்போன்ஸ் மணலில் கிடந்தான். உயிர் போய் நாளாகியிருந்தது. நண்டுகளை அண்டவிடாமல் பாரை அவனைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

ஆமிக்காரரிடம் சொன்னால் நூறு கேள்வி கேட்பார்கள். உடைமரத்தடியில் கையால் மணலைத் தோண்டிப் புதைத்தேன். பரலோக மந்திரம் சொன்னேன். பாதியில் மறந்துபோனது. மிச்சத்தை அருள்நிறை மந்திரத்தால் நிரப்பினேன்.

பாரை என் வாடியில் சோற்றைத் தொடவில்லை. இரண்டு வீடுகளில் விட்டுப் பார்த்தேன், அங்கேயும் தொடவில்லை. கடைசியில் இங்கே கொண்டுவந்தேன். உங்கள் அம்மா குழைத்துக் கொடுத்த முதல் பிடியைத் தின்றது. பொருத்தம் என்பது அதுதான்.

"அருளப்பண்ணை, பாரையை எங்க கண்டனீங்கள்?"

"இந்திய வள்ளக்காரர் கொண்டுவந்து விட்டவங்கள், செலீனா."

"அப்ப என்ர பிள்ளை?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாரை இரண்டாவது பிடியைத் தின்றுகொண்டிருந்தது. அல்போன்ஸ் இல்லையென்று தெரிந்தால் நீங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்வீர்கள். வீடு பூட்டப்படும். நாய் திரும்பவும் தெருவில் நிற்கும்.

"இருக்கிறான். அங்க பிடிச்சு மறியல்ல வைச்சிருக்கிறாங்கள். வருவான்" என்றேன்.

உங்கள் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் கையில் ஏதோ மீன் வாடை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

கொடுத்த நாய் எப்படி இருக்கிறதென்று பார்க்கப் போவது என் வழக்கம். மற்ற வீடுகளுக்கு ஒருமுறை போனால் போதும். இங்கே ஒவ்வொரு பின்னேரமும் வந்தேன். தேத்தண்ணி தந்துவிட்டு, "இண்டைக்கு என்ன சேதி வந்தது?" என்று கேட்பார். வெறுங்கையோடு வரலாமா? மறியலில் அல்போன்ஸ் வைத்த மீன்குழம்பைத் தின்ற ஜெயிலர், இவனை விட்டால் வேறு ஆள் கிடைக்காது என்று விடுதலையைத் தள்ளிப்போட்டார் என்றேன். சிரித்தார். பிறகு வெளியே விட்டார்கள் என்றேன். அங்கேயே கலியாணம் செய்துகொண்டான் என்றேன். ஒரு பெண்பிள்ளையும் பிறந்தது.

அம்மாவின் அலுமாரியில் கிடந்த சின்னச் சட்டைகள் யாருடையவை என்று காலையில் கேட்டீர்கள். அந்தப் பேத்திக்குத் தைத்தவை. வருஷத்துக்கு வருஷம் அளவைக் கூட்டித் தைத்தார்.

நீங்கள் ரெலிபோனில் அழுது கூப்பிட்ட நாட்களில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். "அவன் பெஞ்சாதி பிள்ளையோட வந்து படலையில நிண்டா ஆரடி திறக்கிறது?" என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆத்துமாக்கள் திருநாளில் உங்கள் அப்பாவின் கல்லறைக்கு மட்டும் மெழுகுதிரி கொளுத்துவார். மகனுக்கும் ஒன்று வைக்கச் சொன்ன சுவாமியாரை அவர் விடவில்லை. "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆராவது திரி கொளுத்துவினமோ, சுவாமி?" என்று கேட்டார். சுவாமியார் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் கொண்டுவந்த திரிகளில் ஒன்றை மடிக்குள் வைத்துக் கொண்டுபோய் உடைமரத்தடியில் கொளுத்தினேன். காற்றில் நிற்கவில்லை.

கடைசி நாளிலும் கேட்டார். "வெளிக்கிட்டிட்டான், வள்ளம் வருகுது" என்றேன். "அப்ப படலையைச் சாத்தாதேங்கோ" என்றார். சாத்தவில்லை. கண் அந்தப் பக்கம் பார்த்தபடியே போய்விட்டார்.

உடைமரத்தைக் காட்டுகிறேன், வாருங்கள். தம்பியை அம்மாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கலாம். பொலிசுக்குச் சொல்வதென்றாலும் சொல்லுங்கள். இதே கதையைத்தான் அங்கேயும் சொல்வேன். எனக்காக நான் ஒன்றும் செய்யவில்லை, மகள். நாய்க்குப் பொருந்திய வீடு கலையக் கூடாது என்பதற்காகச் செய்தது.

பாரையா? அது இங்கே வந்த அடுத்த மாரியிலேயே செத்துப்போனது. அந்த முருங்கையடியில் நான்தான் புதைத்தேன். மறுநாள் பின்னேரம் வந்தபோது, உங்கள் அம்மா வழக்கம்போல எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார்.