மெம்பருக்கான ஜெபம்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகிற பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் வேதப்புத்தகம்.

“எங்க வார்டு மெம்பருக்குக் கண்ணு தெரியணும்னு மூணு வாரம் ஜெபிச்சேன்,” என்றாள் அவள்.

“அவருக்கு கண்ணில என்ன தீனம் அக்கா?”

“ஒரு தீனமும் இல்ல மக்கா. எங்க முக்கில தெருவிளக்கு எரியாம கிடக்கு. அவரு அதைப் பாக்கல்ல. அதனால ஜெபக்கூட்டத்தில பேரைச் சொல்லி ஜெபிச்சேன். மைக்கிலயாக்கும்.”

“அவருக்க பெண்டாட்டியும் அங்க வருவாளே?”

“எனக்குப் பின்னாலதான் இருந்தா. ஆமென் சொல்லாம இருக்க முடியுமா? நாலாவது வாரம் விளக்கு எரிஞ்சுது.”

“அப்போ உங்களுக்கு கர்த்தருகிட்ட நல்ல பிடிபாடு உண்டு.”

“உண்டு. ஆனா ஊருக்காக மட்டுந்தான். எனக்குன்னு ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

பக்கத்தில் நின்ற கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அமரவிளை தாண்டியதும் மூத்தவள் அவரைப் பார்த்தாள்.

“மக்கா, அந்த நீலக் கேட்டுக்கு முன்னால கொஞ்சம் நிறுத்து. எனக்க வீடாக்கும்.”

“அங்க ஸ்டாப் இல்ல சேச்சி.”

அவள் கோபப்படவில்லை. வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அன்பாகக் கேட்டாள்.

“சாரமில்ல, போட்டும் மக்கா. உனக்க பேரென்ன?”

கண்டக்டர் மணிக்கயிற்றை இழுத்தார்.