தண்ணீர் குடித்த படகு பற்றிக் கலைமதி சொன்னது

இது எழுதப்படும்போது நிலையத்தில் இருப்பவர்கள்: உதவி ஆய்வாளர் ஐயா, பெண் காவலர் ஒருவர், என் கணவர் வீரமணி, படகை விற்க முன்வந்த சின்னம்மாள், புகார் கொடுத்த அவருடைய கொழுந்தனார் மகன் பிரபாகர், நான். வேறு யாரும் இல்லை.

என் பெயர் கலைமதி, வயது 41, தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டம், நாகமரையில் குடியிருக்கிறேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை. முனியப்பன் கோயில் பாட்டுப் புத்தகத்தை வைத்து நானாகவே எழுத்துக் கூட்டிப் படித்தேன். வரவு செலவு எழுதுவது நான் என்பதால், எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் கடைசி வார்த்தை என்னுடையது. பிறந்தது பாப்பிரெட்டிப்பட்டி. அங்கே ஏரி நிறைந்தாலே அதிசயம்.

என் கணவர் அணைத் தண்ணீரில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறார். போன ஆடிக் காற்றில் பரிசல் இரண்டு முறை கவிழ்ந்தது. இரண்டாவது முறை அவர் கரை வந்து சேரும்வரை, அடுப்பில் உலை இருப்பதையே நான் மறந்துவிட்டேன், சோறு அடியோடு தீய்ந்துபோயிற்று. அதன் பிறகுதான் மரப்படகு ஒன்று வேண்டும் என்று தேடினோம்.

சின்னம்மாள் அத்தையின் கணவர் பெரியண்ணனும் அவர் தம்பியும் கூட்டாக ஒரு மரப்படகு வைத்திருந்தார்கள். இருவரும் இறந்துவிட்டார்கள். தம்பியின் மகன்தான் பிரபாகர், பெங்களூரில் வேலை. படகு புளியமரத்தடியில் பல வருடமாகக் கவிழ்ந்து கிடந்தது.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடித்துவிட்டு நாங்கள் இருவரும் அதைப் பார்க்கப் போனோம். நான் படகுக்கு அடியில் புகுந்து பார்த்தேன். உள்ளே இருட்டு. பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு, வெயில் கோடு கோடாக என் மேல் விழுந்தது. கையில் இருந்த ஊதுபத்திக் குச்சியை ஒரு இடைவெளியில் விட்டேன், அது மறுபக்கம் போயிற்று. முனையில் ஒரு பலகை உளுத்தும் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கணவர், "இதுல ஏறுனா நேரா முனியப்பன் கிட்டத்தான் போய் எறங்கணும்" என்றார். அதற்கு அத்தை, "அது தண்ணி குடிச்சா தானா வாய மூடிக்கும், மாப்ள. நீதான் மூட மாட்டேங்கற" என்றார்.

அதன் பிறகு அத்தை, திங்கட்கிழமை வரை பொறுத்து முடிவு சொல்லும்படி என்னிடம் கேட்டார். நான் சம்மதித்தேன். மீன்பிடிக்கும் ஆட்கள் படகை நிமிர்த்தித் தண்ணீருக்கு இழுத்து வந்தார்கள். எல்லா இடைவெளியிலும் தண்ணீர் பீய்ச்சியது. நாங்கள் கரையில் கிடந்த கல்லை எடுத்து உள்ளே அடுக்கினோம். நானும் அடுக்கினேன், மறுக்கவில்லை. படகு சத்தமில்லாமல் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தது. அத்தை மஞ்சள் தண்ணீர் தெளித்து, "குடி சாமி, வவுறு நெறயக் குடி" என்றார். வெகுநாள் கரையில் காய்ந்த படகை, மரம் ஊறிப் பருத்து இடைவெளி அடையட்டும் என்று, இப்படி முழுக்கிவைப்பது இந்தப் பக்கத்து வழக்கம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரபாகர் ஊருக்கு வந்தார். படகு தண்ணீருக்குள் கல்லோடு கிடப்பதைப் பார்த்து, செல்போனில் வீடியோ எடுத்தார். "பெரிம்மா, வெலையக் கொறைக்கப் படகயே முழுகடிச்சிருக்காங்க, நீ கூடக் கல்லு தூக்கிக் குடுத்தியாமே" என்று சத்தம் போட்டார். "உங்கப்பன் மூணு தடவ இப்பிடிக் கல்லு போட்டாண்டா, நீ அப்ப தொட்டில்ல கெடந்த" என்று அத்தை சொன்னதை அவர் கேட்கவில்லை. நேராக இங்கே வந்து எங்கள் மேல் புகார் கொடுத்தார். அவர் பார்த்த வயதில் படகு எப்போதும் தண்ணீரிலேயே இருந்ததால் அவருக்கு இது தெரியாது, அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை காலை உதவி ஆய்வாளர் ஐயா முன்னிலையில் அதே ஆட்கள் கல்லை வெளியே எடுத்துப் போட்டார்கள். அதன் பிறகு வாளியால் தண்ணீரை இறைத்தார்கள். பாதி இறைத்ததும் படகு தானாக அசைந்தது. அதன் பிறகு விளிம்பு மேலே வந்தது, பக்கப் பலகை வந்தது, தார் போன இடத்தில் மரம் சிவப்பாகத் தெரிந்தது. மிச்சத் தண்ணீரை என் கணவர் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார், திரும்பத் தண்ணீர் வரவில்லை. உளுத்த பலகை ஓரத்தில் மட்டும் கசிவு இருந்தது. ஐயா பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஏறிப் பார்த்தார். நானும் ஏறினேன். வெள்ளிக்கிழமை குச்சி போன அதே இடத்தில் மறுபடி குச்சியை வைத்தேன். அது உள்ளே போகாமல் ஒடிந்தது. அங்கேயே பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இத்தனை வருடம் பட்டுக் கிடந்த மரம் தன் காயத்தைத் தானே சேர்த்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். அதற்கு மேல் நான் கணக்குப் போடவில்லை. வாங்குவோம் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டேன். பிரபாகரும் பலகையைத் தடவிப் பார்த்தார், ஆனால் விற்கச் சம்மதம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

அதன் பிறகு விசாரணை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று படகைக் கரையேற்றி மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். மழை இல்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன். இன்று காலை குனிந்து பார்த்தபோது, அடியில் ஒரு கோடு வெயில் தெரிந்தது.

படகுக்குக் கெடுதல் செய்யும் நோக்கம் எங்களுக்கு இருந்ததில்லை. மேலே உள்ளதைப் பெண் காவலர் படித்துக் காட்டக் கேட்டேன், நானும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். நடந்தது இதுதான், முனியப்பன் அறிய உண்மை.

(ஒப்பம்) வீ. கலைமதி

கையெழுத்துக்குக் கீழே இதையும் சேர்க்கச் சொன்னேன்: பிரபாகர் தம்பி எங்களுக்கு விற்கட்டும், விற்காமல் போகட்டும், அது அவர் இஷ்டம். முதலில் படகைத் தண்ணீரில் விட உத்தரவு கொடுங்கள். பதிலைச் சீக்கிரம் சொல்லுங்கள் ஐயா, அது காய்கிறது.